வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்... யார்?



"அண்ணே, வீட்டுல இருந்தே தினம் ஆயிரம் ரூவா கிடைக்குமாம், சேரட்டுமா?" ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வராத குடும்பம் இன்று அபூர்வம். இருபது வருடம் முன்னால் டேட்டா என்ட்ரி வேலை, முதலில் டெபாசிட் கட்டு என்றார்கள். இப்போது டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு என்கிறார்கள். சரக்கு அதேதான், பொட்டலம்தான் வேறு.

ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது "பேராசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. 2017 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். பாறசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழக எல்லைக்குள் மத்தம்பாலையில் இருந்த நிர்மல் கிருஷ்ணா சிட்பண்ட் மூடப்பட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் பணம் போட்டிருந்தார்கள். போனது பல நூறு கோடி. கம்பெனி ஒரு மாநிலத்தில், பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் இன்னொரு மாநிலத்தில். எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்பதே முதல் குழப்பம். கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துவைத்த பணத்தை மாமா போட்டார், அத்தை போட்டார் என்று நம்பிப் போட்டார்கள். அதற்குப் பெயர் பேராசை இல்லை.

அதற்காவது கட்டிடம் இருந்தது, போர்டு இருந்தது, முதலாளி யாரென்று ஊருக்குத் தெரியும். டெலிகிராம்காரனுக்கு முகமே கிடையாது.

வங்கிக்காரன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. மாதம் 10 சதவீதம் என்றால் ஒரு லட்சம், வட்டிக்கு வட்டியோடு, ஒரே வருடத்தில் 3.14 லட்சம் ஆக வேண்டும். அப்படி ஒரு தொழில் கையில் இருப்பவன் உங்கள் வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறான்? "ஆள் சேர்த்தால் கமிஷன்" என்பதும் இதே கதைதான். ஒருவர் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டே போனால் பதினோராவது சுற்றுக்கு 4.88 கோடி பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மொத்தக் கேரளமே 3.34 கோடிதான் :-)

லைக் போடும் வேலை எப்படி நடக்கிறது? முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே வரும். அது தூண்டில் புழு. அப்புறம் "பிரீபெய்டு டாஸ்க்": ஆயிரம் கட்டு, 1,300 தருகிறேன். அதுவும் வரும். பிறகு பெரிய தொகை கட்டுவீர்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்க மட்டும் முடியாது. எடுக்க வேண்டுமென்றால் "வரி" கட்டச் சொல்வான். 2023 டிசம்பரில் இப்படிப் பகுதிநேர வேலை என்று ஏமாற்றிய நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. ஆனால் முடக்கிய மறுநாளே வேறு பெயரில் கடை விரிப்பது இவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

இதைவிட எனக்குப் பயம் இன்னொன்று. "பணம் எதுவும் கட்ட வேண்டாம், உன் அக்கவுண்டை மட்டும் கொடு, வருகிற பணத்தை மாற்றிவிட்டால் கமிஷன்." காலேஜ் படிக்கும் பையன்கள் இதில்தான் விழுகிறார்கள். அந்தப் பணம் வேறு எங்கோ ஒருவர் இழந்த பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில். ஏமாந்தவனுக்குப் பணம்தான் போகும், இவனுக்கு வாழ்க்கையே சிக்கலாகும்.

என்ன செய்யலாம்?

1. வேலைக்குச் சேர நீங்கள் பணம் கட்ட வேண்டுமென்றால் அது வேலை இல்லை.
2. சிட்டியே தப்பு என்று சொல்லவில்லை. 1982 சட்டப்படி பதிவான சிட்டியா என்று ஆவணம் கேளுங்கள். டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம்.
3. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

கடைசியாக, வெளியூரில் இருக்கும் நமக்கு. ஊரில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கைக்கும் மனைவிக்கும் சொந்தமாக நாலு காசு சம்பாதிக்க ஆசை இருப்பது நியாயம்தானே? "உன்னால் முடியும்" என்று அவளிடம் சொல்வது அந்த மோசடிக்காரன் மட்டும்தான் என்றால், குற்றத்தில் பாதி நம்முடையது. 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீ அந்தப் பக்கம் இருக்கிறது, சுயஉதவிக் குழு இந்தப் பக்கம் இருக்கிறது. வருமானம் மெதுவாகத்தான் வரும், ஆனால் கணக்குப் புத்தகம் கண்முன்னால் இருக்கும்.

இன்னொன்று, பணம் போய்விட்டது என்று சொன்னால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவர்கள்தான், விட்டதைப் பிடிக்க இன்னொரு முறை கட்டுகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்பதோடு இதையும் கொஞ்சம் பேசுங்கள்.