விளக்கம் யாருக்காக?

நோட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இலேயே இயங்கத் தொடங்கியது. ஆயினும் அம்மின்சாரம் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களை எட்டப் பல்லாண்டுகள் சென்றன. கணினியறிவும் அதே நடைதான் நடக்கிறது!

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. முன்பின் கண்டிராத செயலிகளில் பாடம் கேட்குமாறு தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டளை பிறந்தது. ஒலி கேட்கவில்லையெனில் அப்பிள்ளை யாரிடம் போவது? தேடினால் வந்து நிற்பது ஆங்கில விளக்கம். தமிழில் அகப்படுவதோ பெரும்பாலும் டேட்டாவை விழுங்கும் காணொளி. பொத்தான்களின் பெயரைத் தமிழாக்கிவிட்டு மார்தட்டுவோர் உண்டு. பெயர்ப்பலகை தமிழில், பேச்செல்லாம் ஆங்கிலத்தில் — நகரத்துக் கடைகளில் நாம் பார்க்காததா?

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சலுகை கேட்கவில்லை நாம். பாடசாலைக்குள் நுழையும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எளிய தமிழில் எழுதிய விளக்கம் வேண்டும். சிக்னல் எட்டாத தோட்டங்களுக்கு அது அச்சில் வரவேண்டும்.