பொட்டி மாட்டும் பெருமக்களே, முதல்ல டேப்பை எடுங்க!

மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டிப் பொழைக்கிற லட்சோப லட்சம் பேர்ல நானும் ஒருத்தன். அதனால 'பொட்டி'ங்கிற சொல் மேல எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆனா இந்தப் பதிவு அந்தப் பொட்டியைப் பத்தி இல்ல. பைக்குக்கு ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு அலையுறோமே, அந்த அலுமினியப் பொட்டியைப் பத்தி. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். பைக்குன்னாலே அலர்ஜிங்கிறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். ஆனா சைக்கிள் ஓட்டுறவங்க, ரோட்டோரமா நடக்கிறவங்க அவசியம் படிங்க. அடி வாங்குறது நீங்கதான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கடலூர்லேருந்து சிதம்பரத்துக்குக் கெளம்பினோம். ஒம்போது வண்டி. நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம். போன காரியம் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். அதுல ஏழு வண்டியில பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு அலுமினியப் பொட்டி, மூணு வண்டியில பின்னாடி டாப் பாக்ஸ் வேற. பி.முட்லூர்ல டீ குடிக்க நிறுத்தினப்ப ஒருத்தர் பொட்டியைத் திறந்தார். உள்ள ஒரு தண்ணி பாட்டில், ஒரு மழைக்கோட்டு. அவ்ளோதான். 37 லிட்டர் பொட்டிக்குள்ள ஒரு லிட்டர் தண்ணி!

சரி, அவங்க காசு, அவங்க பொட்டி, நமக்கென்னன்னு விட்டுருப்பேன். ஒரு நண்பர் என் வண்டி பின்னாடி குனிஞ்சு பாத்துட்டு, "என்ன மச்சி, லோக்கல் பட்டறையில அடிச்ச ஸ்டாண்டா? உசுரு மேல ஆசை இல்லையா?"ன்னார். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் ஹி ஹின்னு வழிஞ்சுட்டு டீயைக் குடிச்சேன். அங்க சொல்லாததை எல்லாம் இங்க சொல்லப் போறேன்.

உசுரு மேல ஆசையா... ரெண்டு வருஷம் முன்னாடி என் வண்டியிலயும் அதே 'கம்பெனி' பொட்டிதான் இருந்துச்சு. வண்டி ஹிமாலயன், பழைய 411 சிசி. ஆன்லைன்ல ஸ்டாண்டும் பொட்டியும் வாங்கி, வீட்டு வாசல்லயே யூட்யூப் பாத்து மாட்டினேன். கம்பெனி பேரு வேண்டாம். மாட்டி முடிச்சுட்டு நாலு பக்கத்துலேருந்தும் போட்டோ எடுத்தேன். டேப் எடுத்து ஒரு தடவை கூட அளக்கல.

மூணாவது நாள் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு, சாயங்கால நேரம். முன்னாடி ஒரு பெரியவர் சைக்கிள்ல வாழை இலைக்கட்டு வச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டிருந்தார். ஹேண்டில்பார் தாராளமா தாண்டிடுச்சு, அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண் இடம். அப்புறம் டங்குன்னு ஒரு சத்தம். திரும்பினா சைக்கிள் கீழ, இலை எல்லாம் ரோட்டுல, அவர் இடது கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடுறப்ப நான் பத்துத் தடவை மன்னிப்பு கேட்டிருப்பேன். அவர் திட்டவே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "வண்டி போயிடுச்சேன்னுதான் தம்பி நான் கால எடுத்து வச்சேன். பின்னால இன்னும் வண்டி இருக்கும்னு யாரு கண்டா?"

அன்னிக்கு ராத்திரிதான் டேப்பை எடுத்தேன். ஹிமாலயனோட அகலம்னு கம்பெனி சொல்றது 840 மி.மீ. பின்னாடி பொட்டிக்குப் பொட்டி அளந்தா 1020. அதாவது என் வண்டி முன்பக்கத்தை விட பின்பக்கம் 18 சென்டிமீட்டர் பெருசு. உலகத்துல எல்லாரும் ஒரு பைக்கோட அகலத்தை ஹேண்டில்பாரை வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. ஓட்டுறவனும் அப்படித்தான், ஒதுங்குறவனும் அப்படித்தான். ஹேண்டில்பார் தாண்டின அடுத்த நொடியில ரோட்டுக்கு வர்றவன் மேல தப்பே கிடையாது. கூரான அலுமினிய மூலையை மனுஷன் முட்டி உயரத்துல வச்சு, முன்னாடி ஒரு எச்சரிக்கையும் இல்லாம இழுத்துக்கிட்டுப் போனது நான்தான்.

ஏன் அவ்ளோ அகலம்? ஹிமாலயன்ல சைலன்சர் வலது பக்கம், மேல தூக்கின மாதிரி வரும். வலது பொட்டி அதைத் தாண்டி வெளிய நிக்கணும். இடது பக்கம் அந்தத் தொல்லை இல்ல, பொட்டியை உள்ள தள்ளி ஒட்டி வைக்கலாம். ஆனா பின்னாடிலேருந்து பாத்தா அழகா, சமமா இருக்கணும்னு இடது பக்கத்தையும் அதே அளவு வெளிய தள்ளி விட்டிருந்தாங்க. எனக்கு வந்த ஸ்டாண்டுல நடு மையத்துலேருந்து ரெண்டு பக்கமும் 270, அதுக்கு மேல பொட்டி 240. போட்டோவுக்குத் தோதா, கடைத்தெருவுக்கு எமனா.

இந்தக் கதை இதோட முடியல. நாலு மாசத்துல சிதம்பரத்துலேருந்து திரும்பி வர்றப்ப, ஆலப்பாக்கம் தாண்டினதும் வலது பொட்டி ஆட ஆரம்பிச்சுது. இறங்கிப் பாத்தா ஸ்டாண்டோட பிராக்கெட்ல வெல்டிங் ஓரமா மயிரிழை மாதிரி ஒரு கீறல். காரணம் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. போக வேண்டாம். இடது ஸ்டாண்டையும் வலது ஸ்டாண்டையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி இணைக்கிற குறுக்குக் கம்பி அந்த செட்டுல கிடையாது. அது இல்லன்னா ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு பொட்டியும் தனித்தனியா உள்ளயும் வெளியவும் ஆடும். இரும்பை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு கம்பி ஒடிச்சு விளையாடின பசங்களுக்கே தெரியும். பவுடர் கோட்டிங் அடிச்ச பளபளப்புல அது தெரியறதில்ல. கோட்டிங் ஒரு இடத்துல பேந்துச்சுன்னா கடக்காத்து உள்ள பூந்து துரு பிடிக்க வைக்கும், மேல மட்டும் கருப்பா மின்னும்.

கயிறு போட்டுக் கட்டி, உருட்டிக்கிட்டு முதுநகர் வந்து சேந்தேன். அங்க ஒரு பட்டறை. படகுக்கு வேலை செய்யுற அண்ணன். கீறலைப் பாத்தவர் ஒட்ட வைக்க மாட்டேன்னுட்டார். "இத ஒட்டுனா பக்கத்துல உடையும் தம்பி. புதுசா அடிச்சுக்க"ன்னார். அலுமினியப் பொட்டியில போல்ட்டைச் சுத்தி வெள்ளை மாவு மாதிரி பூத்திருந்ததைக் காட்டி, "ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி. சும்மா இருக்குமா? நடுவுல நைலான் வாசர் போடணும்"னார். கால்வானிக் அரிப்புன்னு மூணாவது செமஸ்டர்ல எழுதி மார்க் வாங்கின நான் ஙேன்னு முழிச்சேன்.

(இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். 1830ல ஜோசையா மார்ஷல் ஹீத்ங்கிற வெள்ளைக்காரர் சேலத்துப் பக்கம் தாதுவை எடுத்து இரும்பாலை ஆரம்பிச்சது நம்ம பரங்கிப்பேட்டையில. இரும்பைப் பத்தி இந்தக் கடலோரத்துக்கு வகுப்பு எடுக்கிறவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.)

பொட்டி எங்க உக்காரணும்னு கத்துக் குடுத்தது இன்னொருத்தர். பட்டறைக்குப் பக்கத்துல மீன் ஏத்திட்டு நின்ன எக்செல்காரர். பின் சீட்டைக் கழட்டிட்டு, அந்த இடத்துலயே ஐஸ் பொட்டி. பழைய டயர் டியூபை நீளமா வெட்டி இழுத்துக் கட்டியிருந்தார். குழியில விழுந்தா ரப்பர் அதிர்ச்சியை வாங்கிக்கும், பொட்டி குதிக்காது. டேப் வச்சு அளந்தேன். "என்னா தம்பி, ஆர்.டி.ஓ. ஆபீஸா?"ன்னார். பொட்டி அவர் ஹேண்டில்பாருக்குள்ள அடங்கி இருந்துச்சு. எடை முழுக்கப் பின் சக்கரத்துக்கு மேலயோ கொஞ்சம் முன்னாலயோதான். ஏன் இப்படின்னு கேட்டதுக்கு, "பின்னால தள்ளி வச்சா முன்னாடி ஹேண்டில் பேசாது"ன்னார்.

ஹேண்டில் பேசாதுங்கிறதைக் கணக்காப் பாருங்க. ஹிமாலயனோட வீல்பேஸ் 1465 மி.மீ. பத்து கிலோ டாப் பாக்ஸ் பின் அச்சுக்கு 400 மி.மீ. பின்னாடி தொங்குதுன்னு வைங்க. பின் சக்கரத்துல 12.7 கிலோ ஏறும், முன் சக்கரத்துலேருந்து 2.7 கிலோ கழியும். அதே பொட்டிக்குள்ள இருபது கிலோ அடைச்சுட்டு ஈ.சி.ஆர்.ல நூறுல போறப்ப ஹேண்டில் ஏன் நடுங்குதுன்னு யோசிக்கிறோம். கிவி கம்பெனிப் பொட்டிகள்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பக்கப் பொட்டிக்கு பத்து கிலோ, வேகம் 120க்கு மேல வேண்டாம்னு. பழைய ரேஸ்காரர் ஜுசெப்பே விசென்சி 1978ல இத்தாலியில ஆரம்பிச்ச கம்பெனி அது. ரேஸ் ஓட்டினவன் கம்பெனியே பத்து கிலோங்கிறான். நம்மாளு அந்த ஸ்டிக்கர் மேல லடாக் ஸ்டிக்கரை ஒட்டிடுறான்.

அந்த அண்ணன் அடிச்சுக் குடுத்தது எஸ்.எஸ். பைப் ஸ்டாண்ட். சேசிஸ்ல ஒரு பொட்டு வெல்டிங் கிடையாது, எல்லாம் ஏற்கனவே இருக்குற போல்ட் ஓட்டையிலதான். நடுவுல குறுக்குக் கம்பி. தகடு வளைச்சு ரிவிட் அடிச்ச ரெண்டு புதுப் பொட்டி, மூலை எல்லாம் உருட்டினது. வலது பொட்டி 160 ஆழம், சைலன்சரை ஒட்டி 245ல நிக்குது. இடது பொட்டி 210, உள்ள தள்ளி 200ல. கூட்டிப் பாருங்க, 815 வரும். ஹேண்டில்பாருக்குள்ள அடங்கிடுச்சு. ரெண்டும் சேத்து 48 லிட்டருக்குப் பக்கமா கொள்ளும். ஒரு வாரத் துணி, டூல்ஸ், ட்யூப், லேப்டாப் எல்லாம் போயிடும். போகலன்னா, கூட எடுத்துட்டுப் போறேன்னு அர்த்தம்.

நான் ஒண்ணும் பட்டறைக்குக் கொடி பிடிக்கல. எல்லாப் பட்டறையும் கோயில் இல்ல. இன்னொரு நண்பர் வேற ஒரு இடத்துல பேட்டரியைக் கழட்டாமலேயே சேசிஸ்ல நேரா வெல்டிங் வச்சு, வண்டியோட ஈ.சி.யு. காலி. செலவு பொட்டி விலையைத் தாண்டிடுச்சு. வெல்டிங்கை அழகா இருக்கட்டும்னு கிரைண்டர் போட்டு மழுமழுன்னு தேய்ச்சுத் தர்ற ஆளுங்களும் இருக்காங்க, பலமே அந்த மேட்டுலதான்னு தெரியாம. ஆனா இதையெல்லாம் பட்டறையில நின்னு பாத்துத் தடுக்கலாம். அட்டைப் பெட்டியில வர்ற ஸ்டாண்டுல குறுக்குக் கம்பி ஏன் இல்லன்னு யாரைப் போய்க் கேக்குறது?

"சட்டப்படி கம்பெனிப் பொட்டிதான் மாட்டலாம்"னு ஒரு கோஷ்டி வரும். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்றுல உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொன்னது உண்மை. 2020ல மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பைக்ல எடை குறைஞ்ச பொட்டி வைக்கலாம்னு அளவே குடுத்திருக்கு: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்கு மிகாம. பின் சீட்டுல வச்சா ஓட்டுறவர் மட்டும்தான் போகணும், சீட்டுக்குப் பின்னாடி வச்சா இன்னொருத்தர் உக்காரலாம். மொத்த எடை தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள்ள இருக்கணும். பிராண்டு பத்தி அதுல பேச்சே இல்ல. பேசுறதெல்லாம் அளவும் எடையும். நாம பேசாத அதே ரெண்டு விஷயம் :-)

இன்னொரு கோஷ்டி, "ஹைவேலதானே ஓட்டுறோம், அகலம் என்ன பண்ணும்?"பாங்க. எந்த ஹைவேப்பா? 45ஏன்னு இருந்து இப்ப 32ஆ ஆன நம்ம ரோட்டுலயா? அறுவடை சமயத்துல பாதி ரோட்டுல நெல்லு காயுது, கரும்பு டிராக்டர் கரும்பு அகலத்துக்குப் போகுது, சைக்கிள்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க மூணு மூணா வருது. ஊருக்குள்ள நுழையாம எந்த டூரும் முடியறதில்ல. சிதம்பரம் தெற்கு வீதியில தேர் வரலாம், அதுக்குன்னு போட்ட வீதி. அதுக்குப் பக்கத்து சந்துல ஒரு மீட்டர் அகலத்துல நீங்க எதுக்கு வர்றீங்க?

அந்தப் பெரியவருக்கு மாவுக்கட்டு பிரிக்க ஆறு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் இலை வியாபாரம் அவர் மகள் பாத்துக்கிட்டாங்க. நான் குடுத்த பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போச்சு, ஆறு வார வியாபாரத்துக்குப் போதல, கணக்கு எனக்கே தெரியும். கை இப்பவும் மழைக்காலத்துல வலிக்குதுங்கிறார். புதுப் பொட்டி மாட்டின வாரம் அதே தெருவுல பாத்தேன். வண்டியைச் சுத்தி வந்து பின்பக்கமா நின்னு பாத்தார்.

"என்னா தம்பி, பொட்டி எளச்சுப் போச்சு?"ன்னார்.

பி.கு.: பழைய அலுமினியப் பொட்டி ரெண்டும் விக்குறதா இல்ல, யாரும் கேக்காதீங்க. அம்மா அடியில ஓட்டை போட்டு மொட்டை மாடியில சிறுகீரை போட்டிருக்காங்க. பத்து கிலோ மண்ணு தாராளமாத் தாங்குது.