வாடகை வீடு வெயிட்டிங் ரூம் இல்ல

'சொந்த வீடா, வாடகை வீடா' வீடியோ போட்டதுலேர்ந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "சார், ஓசூர்ல மாசா மாசம் வாடகை குடுக்கிறது தண்டம்தானே? அந்தக் காசை ஈஎம்ஐ-யா கட்டிடலாமே?"

அந்த வீடியோல எக்செல் போட்டு பதில் சொன்னேன். கணக்கு சரிதான். ஆனா எக்செல்ல வராத ஒரு விஷயம் இருக்கு. அதை நான் 2024 டிசம்பர்ல, ஷார்ஜாவுல ஒரு பழைய கட்டிடத்தோட மூணாவது மாடியில கத்துக்கிட்டேன். இன்னிக்கு அதைத்தான் எழுதப் போறேன்.

எங்க ஷார்ஜா கதை

எங்கப்பா ஓசூர் சிப்காட்ல லேத் மெஷின்ல வேலை பார்த்தவர். 1991-ல துபாய் போனார், அல் கூஸ் பகுதியில ஒரு ஒர்க் ஷாப். அடுத்த வருஷம் அம்மாவையும் என்னையும் கூட்டிட்டுப் போனார். அப்போ எனக்கு 4 வயசு. வேலை துபாய்ல, வீடு ஷார்ஜாவுல. காரணம் ரொம்ப சிம்பிள். ஷார்ஜாவுல வாடகை கம்மி.

இது உங்களுக்குப் புதுசா இருக்காது. எலக்ட்ரானிக் சிட்டியிலயும் பொம்மசந்திராவுலயும் வேலை பார்த்துட்டு, வாடகை கம்மின்னு ஓசூர்ல தங்கி, தினமும் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி ட்ராஃபிக்ல நிக்கிறவங்க உங்கள்ல எத்தனை பேர்! எங்கப்பா அதே மாதிரி ஷார்ஜா - துபாய் ரோட்டுல நின்னவர். மாநில எல்லைக்குப் பதிலா எமிரேட் எல்லை, அவ்வளவுதான்.

ரோலா பக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஒரு ரூம் எங்களுக்கு, இன்னொண்ணு ஒரு மலையாளிக் குடும்பத்துக்கு. கிச்சன், பாத்ரூம் பொது. எங்க பங்கு வாடகை வருஷத்துக்கு 8,000 திர்ஹம். அங்க வாடகைக்கு பின்தேதியிட்ட செக் குடுக்கணும். செக் பாஸ் ஆகுற தேதி நெருங்கினா அப்பா முகமே மாறிடும்.

1992-ல ஒரு திர்ஹம் சுமார் 8 ரூபாய். நாங்க திரும்பி வந்த 2001-ல சுமார் 13 ரூபாய். சராசரியா 10 ரூபாய்னு வெச்சா, 9 வருஷ வாடகை 72,000 திர்ஹம், அதாவது 7.2 லட்சம் ரூபாய். மத்திகிரி பக்கம் நாங்க கட்டின வீட்டுக்கு ஆன செலவு 6 லட்சம். "அந்த ஷேக்குக்குக் குடுத்த வாடகையில இன்னொரு வீடு கட்டியிருக்கலாம்டா"ன்னு அப்பா சொல்லாத பொங்கல் தீபாவளி கிடையாது. நான் சிஏ படிக்கும்போது அந்தக் கணக்கைச் சரிபார்த்து, "ஆமாப்பா, தண்டம்தான்"னு தலையாட்டினவன்தான்.

திரும்பிப் போனப்ப

23 வருஷம் கழிச்சு அப்பா, அம்மா, என் மனைவி, நான்னு நாலு பேரும் போனோம். அப்பாவுக்கு இப்போ 66. முட்டிவலி. "முடியும்போதே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்"னு அவர் கேட்டு ஆறு வருஷமாச்சு. வீட்டு லோன், ஆபீஸ் அட்வான்ஸ்னு நான்தான் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன்.

துபாய் அடையாளமே தெரியல. நாங்க இருந்தப்ப மெட்ரோ கிடையாது, அது 2009-ல வந்தது. புர்ஜ் கலீஃபா 2010-ல திறந்தது. அப்பா ரெண்டையும் மரியாதைக்குப் பார்த்தார். அவருக்கு ரோலாவுக்குப் போகணும்.

கட்டிடம் அப்படியே இருந்தது. கீழே மளிகைக்கடை இருந்த இடத்துல மொபைல் கடை. அங்க வாட்ச்மேனை நாத்தூர்னு சொல்வாங்க. அப்பா தனக்கு மிச்சமிருந்த ஹிந்தியில பேசினதும் அவர் சிரிச்சுட்டு மேல விட்டார். மூணாவது மாடி. எங்க கதவுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்ட், அதுல குட்டி ஷூ ரெண்டு ஜோடி. அப்பா பெல் அடிக்கல. "அவங்க வீடு. நாம போய் என்ன சொல்றது?"ன்னுட்டார்.

காரிடார் ஓரத்துலேர்ந்து எட்டிப் பார்த்தா எங்க ரூம் ஜன்னல் பக்கவாட்டுல தெரியும். அதுல மஞ்சள் கலர்ல திரைச்சீலை தொங்கிட்டிருந்தது. அம்மா அதையே பார்த்துட்டு நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க:

"ஒம்பது வருஷமும் இந்த ஜன்னலுக்கு நான் திரை போடல. பேப்பர்தான் ஒட்டியிருந்தேன். நாளைக்கே காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்குத் திரைன்னு நெனச்சேன். அந்த நாளைக்கு வர ஒம்பது வருஷமாச்சு."

எனக்கு அந்தப் பேப்பர் நல்லா ஞாபகம் இருக்கு. வெயில்ல பழுத்து, ஓரம் சுருண்டு, அதுல இருந்த மலையாள எழுத்தைத்தான் நான் தினமும் காலையில முழிச்சதும் பார்ப்பேன். கட்டிலுக்கு அடியில ரெண்டு பெட்டி. அதுல பெட்ஷீட், ஒரு டின்னர் செட், பிரிக்காத மிக்ஸி. எல்லாம் 'ஊர்ல போய் எடுத்துக்கலாம்'. நாங்க சாப்பிட்டது நசுங்கின தட்டுல. விசிட் வர்றவங்களுக்கு நாற்காலி கிடையாது, அதனால நாங்க யாரையும் கூப்பிட்டதும் கிடையாது.

அந்த டின்னர் செட் இன்னும் மத்திகிரி வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. ஒரு தடவைகூட அதுல சாப்பிட்டதில்ல.

கீழே இறங்கும்போது அப்பா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கினார். பாதியில நின்னு, "நீ படிக்கக் கத்துக்கிட்டது இங்கதான். உங்கம்மாவும் நானும் சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம் இங்கதான். வாடகைக்கு இதெல்லாம் கிடைச்சிருக்கு. நான்தான் ரசீதை மட்டும் பார்த்துட்டேன்"னார்.

அப்பா பயந்ததுல நியாயம் இருந்தது

நான் அவரைக் குறை சொல்ல வரல. அவர் நிலைமை வேற. அங்க விசா வேலையோட ஒட்டினது. வேலை போனா நாடே விட்டுக் கிளம்பணும். வெளிநாட்டுக்காரருக்கு பென்ஷன் கிடையாது. வேலையை விடும்போது கிராஜுவிட்டி மட்டும்தான், முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதுக்கு மேல வருஷம் 30 நாள். சொந்த வீடுங்கிற பேச்சுக்கே இடமில்ல. துபாய்ல குறிப்பிட்ட பகுதிகள்ல வெளிநாட்டவர் வீடு வாங்கலாம்னு அறிவிச்சதே நாங்க திரும்பி வந்த அடுத்த வருஷம், 2002-ல. அப்படிப்பட்ட இடத்துல ஒரு மனுஷன் பெட்டியைக் கட்டியே வெச்சிருந்தா அதுல என்ன தப்பு? அவர் அப்படிச் சேர்த்ததாலதான் நான் சிஏ.

ஆனா உங்க நிலைமை அது இல்லையே! கிருஷ்ணகிரி மாவட்டத்துல வேலை பார்க்கறீங்க. விசா கிடையாது. பிஎஃப் இருக்கு. ஒரு கம்பெனி இல்லன்னா பக்கத்து கம்பெனி. அப்பாவோட ரிஸ்க் உங்களுக்கு இல்ல. ஆனா அப்பா வாழ்ந்த மாதிரியே வாழறீங்க.

என் ஆபீஸுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற பசங்க ரூம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தரையில பாய், ஒரு பிளாஸ்டிக் சேர், சுவத்துல சார்ஜர், கொடியில யூனிஃபார்ம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சா தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பஸ். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க தம்பி?"ன்னா, "ஆறு வருஷம் சார். ஆனா இது நம்ம ஊர் இல்லையே." ஆறு வருஷம்! அவ்வளவு நாள் ஒரு இடத்துல இருந்துட்டு, ஒரு ஸ்டவ் வாங்கலாமான்னு இன்னும் யோசிச்சுட்டிருக்காங்க.

கணக்குக்கு வருவோம்

ஓசூர்ல 50 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட்னு ஒரு உதாரணம் எடுத்துப்போம். 10 லட்சம் கையிலேர்ந்து, 40 லட்சம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். ஈஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 83.3 லட்சம், அதுல வட்டி மட்டும் 43 லட்சத்துக்கு மேல. அதே ஃப்ளாட் 14,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குதுன்னா, மாசம் 20,700 ரூபாய் வித்தியாசம்.

வாடகை தண்டம்னா, அந்த 43 லட்சம் வட்டிக்கு என்ன பேரு?

"டாக்ஸ் மிச்சமாகுமே சார்?" புது வரி முறையில நீங்க குடியிருக்கிற வீட்டு லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது, அசலுக்கும் கிடையாது. எச்ஆர்ஏ சலுகையும் கிடையாது, அதனால அந்த விஷயத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான். 2025-26 நிதியாண்டுலேர்ந்து சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் புது முறையில வரியே இல்லாதப்ப, உங்கள்ல நிறைய பேருக்கு மிச்சம் பண்ண வரியே இருக்காது.

வீடே வாங்காதீங்கன்னு சொல்றேனா? இல்ல. பத்து வருஷத்துக்கு மேல இங்கதான் இருப்போம்னு முடிவு பண்ணிட்டு, ஈஎம்ஐ கையில வர்ற சம்பளத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டாம, ஆறு மாச செலவுக்குத் தனியா பணம் வெச்சிருந்தா, தாராளமா வாங்குங்க. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. சொந்த வீடு வந்த பிறகுதான் வாழ ஆரம்பிப்பேன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க. வாடகை வீட்டுல ஓடுற வருஷங்களும் உங்க ஆயுசுலேர்ந்துதான் கழியுது.

என்ன பண்ணலாம்?

ஒண்ணு. உங்க பட்ஜெட்ல 'இப்போ இருக்கிற வீடு'ன்னு ஒரு வரி சேருங்க. சம்பளத்துல 3 சதவீதம் போதும். 30,000 சம்பளத்துக்கு 900 ரூபாய். ஒரு மாசம் திரைச்சீலை, மூணு நாலு மாசம் சேர்த்தா ஒரு ஸ்டவ், அதுக்கப்புறம் ஒரு நல்ல மெத்தை. எல்லாமே வீடு மாறும்போது கூட எடுத்துட்டுப் போகலாம். எஸ்ஐபி-யை நிறுத்திட்டுப் பண்ணாதீங்க, அது பாட்டுக்கு ஓடட்டும்.

ரெண்டு. உங்க அப்பா அம்மா வாழ்ந்த ஊர் ஏதாவது இருக்கும். துபாயோ, சிங்கப்பூரோ, மும்பையோ, ஒரு எஸ்டேட் லைனோ. அவங்க பார்க்கணும்னு சொன்னா, அதை உங்க நிதி இலக்கு லிஸ்ட்ல எழுதி, தேதி போடுங்க. மாசம் 7,000 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட், 36 மாசம், 6.5 சதவீத வட்டின்னா 2.75 லட்சத்துக்கு மேல வரும். எங்க நாலு பேர், அஞ்சு நாள் ட்ரிப்புக்கு ஆனது 2.6 லட்சம். நான் ஆறு வருஷம் தள்ளிப்போட்டதுல சேமிச்சது என்னன்னு இன்னிக்குக் கணக்குப் பார்த்தா, ஒண்ணுமே இல்ல. திர்ஹம் 1997-லேர்ந்து ஒரு டாலருக்கு 3.6725-ன்னு கட்டி வெச்சிருக்கு. டாலர் ஏற ஏற திர்ஹமும் ஏறும். நாங்க போனப்ப ஒரு திர்ஹம் சுமார் 23 ரூபாய். அப்பாவோட முட்டியும் வருஷத்துக்கு வருஷம் தேய்ஞ்சதுதான் மிச்சம்.

மூணு. டூர் பேக்கேஜ்ல போனா டிசிஎஸ் பிடிப்பாங்க. நாங்க போனப்ப 7 லட்சம் வரைக்கும் 5 சதவீதம். விகிதம் அடிக்கடி மாறுது, புக் பண்றப்ப நடப்பு விகிதம் கேட்டுக்கோங்க. அது செலவு இல்ல, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டின வரி. ஃபார்ம் 26ஏஎஸ்-ல வந்துச்சான்னு பார்த்து, ரிட்டர்ன்ல க்ளெய்ம் பண்ணுங்க. 2024 அக்டோபர்லேர்ந்து இந்த விவரத்தை உங்க கம்பெனியில குடுத்து, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்-ல சரிக்கட்டிக்கவும் வழி இருக்கு. நிறைய பேர் இதைக் கேட்கிறதே இல்ல.

ஓசூருக்குத் திரும்பின வாரம் அம்மா அந்த டின்னர் செட்டை ஷோகேஸ்லேர்ந்து இறக்கினாங்க. 12 தட்டுல ஒண்ணு விரிஞ்சிருந்தது. மிச்சம் 11 தட்டுலதான் இப்போ தினமும் சாப்பிடறோம். தேய்க்கும்போது தங்கக் கரை அழியுதேன்னு நான் சொன்னேன். "அழியட்டும் விடு, அதுக்குத்தானே வாங்கினது"ன்னாங்க.

இந்த வாரம் சம்பளம் வரும். உங்க ரூம் ஜன்னல்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. பேப்பர்னா, முதல்ல அதைக் கிழிங்க. எஸ்ஐபி தேதி, ஈஎம்ஐ தேதியெல்லாம் அடுத்த வீடியோல பேசிக்கலாம்.