பறக்கும்போது காம்பஸ் சோதனை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சிறிய விமானங்களில் பயிற்சி தருவோரும் பெறுவோரும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. காந்த காம்பஸில் பிழை இருக்கிறதா என்று பறந்தபடியே பார்த்துக்கொள்ளலாமா, தரையில் விமானத்தைப் பல திசைகளுக்குத் திருப்பி ஒப்பிடும் ‘ஸ்விங்’ செய்துதான் ஆக வேண்டுமா என்று உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். ஒவ்வொரு பயிற்சிப் பறப்பிலும் காம்பஸைச் சோதித்தே தீர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. ஆனால் அது பிழையைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே. அதை வைத்து, காம்பஸின் பிழைகளைக் குறித்திருக்கும் டீவியேஷன் கார்டில் ஓர் எண்ணைக்கூட மாற்றக் கூடாது. கார்டைத் திருத்துவது, உரிமம் பெற்ற பொறியாளர் தரையில் ஸ்விங் செய்து முடித்துச் செய்யவேண்டிய வேலை.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜிபிஎஸ் சிக்னலை முடக்குவதும் போலி சிக்னல் அனுப்புவதும் பெருகியதால்தான் 2023 நவம்பரில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ இதுகுறித்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. மின்சாரம் முழுவதும் போனாலும் வடக்கைக் காட்டுவது முன்கண்ணாடி அருகே இருக்கும் அந்தச் சின்னக் கருவிதான். அது ஒரு டிகிரி தப்பினால் 60 கடல் மைல் தூரத்தில் ஏறக்குறைய ஒரு கடல் மைல் விலகிவிடுவோம். பத்து டிகிரி தப்பினால், இறங்கவேண்டிய ஓடுதளமே கண்ணில் படாமல் போகலாம்.

ஜிபிஎஸ் காட்டும் டிராக்கோடு காம்பஸை ஒப்பிடுவதுதான் பரவலாக இருக்கும் தவறான பழக்கம். விமானம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. 100 நாட் வேகத்தில் போகும்போது பக்கவாட்டில் 10 நாட் காற்று அடித்தாலே இரண்டுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் வந்துவிடும். நேரான ரயில் பாதை மேல் போகவும் வரவும் பறந்து சராசரி எடுத்தால் காற்றின் விளைவு கழிந்துவிடும் என்கிறார்கள். கழியும்தான். ஆனால் எதிர்த்திசையில் காற்றின் சறுக்கல் குறி மாறுவதுபோலவே, விமானத்தின் இரும்பாலும் மின்னோட்டத்தாலும் வரும் பிழையும் பெரும்பாலும் குறி மாறும். நாம் தேடி வந்த பிழையும் காற்றோடு சேர்ந்து கழிந்துபோகும். காம்பஸைக் கோணலாகப் பொருத்தியிருந்தால் மட்டுமே இந்த முறையில் தெரியவரும்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை எளியது. ஓடுதளத்தின் நடுக்கோட்டில் நின்று, டைரக்‌ஷனல் ஜைரோவை அந்த ரன்வேயின் அச்சிட்ட காந்தத் திசைக்கு வையுங்கள். தரையில் எழுதியிருக்கும் எண் பத்து டிகிரிக்கு முழுமையாக்கப்பட்டது, அது போதாது. மேலே போய், அமைதியான காற்றில், ஒரே வேகத்தில், மட்டமாகப் பறந்து, 30 டிகிரிக்கு ஒருமுறை திரும்பி, காம்பஸ் அடங்கியதும் கார்டோடும் ஜைரோவோடும் ஒப்பிடுங்கள். ஜைரோவும் நழுவும் என்பதால் கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இடையில் ஜைரோவைக் காம்பஸைப் பார்த்துத் திருத்தினால் சோதனை வீண். கடைசியாக பிடோ ஹீட், லேண்டிங் லைட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, காம்பஸ் நகர்கிறதா என்று பாருங்கள். பேனல் மேல் வைத்த கைபேசியையும் ஹெட்செட்டையும் எடுத்த பிறகு காம்பஸ் நகர்ந்தால், குற்றம் கருவியுடையது அல்ல.

தென்கோடியில் பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். காந்த நடுக்கோடு அருகில் ஓடுகிறது என்பதற்காகவே கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்து, 1963இல் முதல் ராக்கெட் புறப்பட்டது. இங்கே காந்தச் சாய்வு மிகக் குறைவு. திரும்பும்போது காம்பஸ் பெரிதாகத் தடுமாறாது. டெல்லியில் சாய்வு 40 டிகிரிக்கு மேல். அங்கே வடக்கு நோக்கித் திரும்பினால் காம்பஸ் பின்தங்கும். அதை டீவியேஷன் என்று எழுதிவிடாதீர்கள்.

கார்டு சொல்வதற்கும் காம்பஸ் காட்டுவதற்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடான டெக் லாகில் எழுதுங்கள். ஸ்விங் முடியும்வரை அந்த விமானத்தில் எந்த மாணவரையும் தனியாக நெடுந்தூரம் அனுப்ப வேண்டாம் என்று பயிற்சிப் பள்ளிகள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.