தூரமா, கடைசி முப்பது மீட்டரா?

எங்கள் சபைப் பிள்ளைகளில் நாலைந்து பேர் இப்போது கோல்ப் பழகுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில் அவர்களுடைய கதையைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான்: "நான் இருநூறு மீட்டர் அடித்தேன், நீ எவ்வளவு?" ஒரு வாளி பந்தை வாங்கி, அத்தனையையும் டிரைவரால் விளாசிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். பெற்றோரும் சில ஆயிரம் குரோனருக்குப் புது டிரைவர் வாங்கிக் கொடுக்க யோசிக்கிறார்கள். இதற்கிடையில், உயரமான டேனிஷ் பிள்ளைகளைப் போலத் தன்னால் தூரம் அடிக்க முடியவில்லை என்று ஒரு தங்கை விளையாட்டையே விட்டுவிட்டாள். அதுதான் என்னை எழுத வைத்தது.

தம்பி தங்கைமாரே, என் கருத்தை நேராகவே சொல்கிறேன். டிரைவரைக் கொஞ்ச நாளைக்குப் பையிலேயே வையுங்கள். கிரீனைச் சுற்றியுள்ள கடைசி முப்பது மீட்டரை முதலில் பழகுங்கள்.

இந்த நாட்டுக்காரர் ஒருவரின் கதையே இதற்குப் போதும். சில்கபோர்க்கில் பிறந்த தோமஸ் பியோர்ன், 2003 ஜூலையில் இங்கிலாந்தின் ரோயல் செயின்ட் ஜோர்ஜஸ் மைதானத்தில் நடந்த ஓப்பன் சம்பியன்ஷிப்பில் கடைசி நாள் முன்னணியில் இருந்தார். அதுவரை எந்த டேனிஷ் ஆணும் மேஜர் பட்டம் வென்றதில்லை. பதினாறாவது குழிக்கு வரும்போது கையில் இரண்டு அடிகள் மிச்சம். அந்தக் குழி ஏறத்தாழ 150 மீட்டர் மட்டுமே. டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை. பந்து கிரீனுக்கு வலப்பக்கத்துப் பங்கருக்குள் விழுந்தது. (பங்கர் என்றவுடன் எங்கள் அப்பா அம்மாவுக்கு வீட்டு வளவில் வெட்டிய வேறு பங்கர் ஞாபகம் வரும். இது மணற்குழி.) முதல் அடியில் பந்து மேலே ஏறி, திரும்பவும் அவர் காலடிக்கே உருண்டு வந்தது. இரண்டாவது அடியிலும் அப்படியே. மூன்றாவதில்தான் வெளியே வந்தது. மூன்றில் முடிக்க வேண்டிய குழி ஐந்தில் முடிந்தது. அடுத்த குழியிலும் ஓர் அடி போனது. கடைசியில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில், அப்போது உலகத் தரவரிசையில் 396ஆம் இடத்தில் இருந்த பென் கேர்டிஸ் கிண்ணத்தைத் தூக்கினார். நாலு நாள் அடித்த தூரமெல்லாம் சில மீட்டர் மணலில் கரைந்துவிட்டது.

அவர் அதோடு ஒடுங்கிப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் பாரிஸுக்கு அருகில் ஐரோப்பிய அணி ரைடர் கிண்ணத்தை வென்றபோது அணித் தலைவர் அவர்தான்.

இன்னொரு கதை, எங்கள் பக்கத்தது. பெங்களூரில் வளர்ந்த அதிதி அசோக், 2021 ஓகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் விளையாடினார். உலகத் தரவரிசையில் 200ஆம் இடம். களத்தில் இருந்த அறுபது பெண்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். ஆனால் இரண்டாம் நாள் முடிவில் இரண்டாம் இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். மற்ற இருவரும் டென்மார்க் வீராங்கனைகள், எமிலி பெடர்சனும் நன்னா மேட்சனும். கடைசியில் அதிதிக்கு நாலாம் இடம். வெண்கலம் ஒரே ஓர் அடியில் தவறியது. பெடர்சன் அவருக்குப் பின்னால்தான் வந்தார். பந்தைக் கிரீனில் உருட்டிக் குழிக்குள் விழுத்தும் திறமைதான் அதிதியை அவ்வளவு தூரம் கொண்டுபோனது. விட்டுவிட்டுப் போன தங்கைக்கு யாராவது இதைக் காட்டியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் நியாயமில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி லட்சக்கணக்கான அடிகளைக் கணக்கிட்டுப் பார்த்தார். சிறந்த ஆட்டக்காரரையும் மற்றவரையும் பிரிக்கும் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர அடிகளில்தான் என்று அவர் கண்டார். "டிரைவ் வெறும் ஷோ, பட்டிங்தான் காசு" என்று மாமாமார் சொல்லும் பழைய வாக்கு கணக்குப்படி சரியல்ல. பிரைசன் டிசாம்போ 2020இல் பாதைக்கு வெளியே புல்லுக்குள் விழுந்தாலும் பரவாயில்லை என்று பலமாக அடித்தே அமெரிக்க ஓப்பனை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். ஆனால் கவனியுங்கள்: புரோடியின் அந்தப் பங்கில் டிரைவை விடப் பெரியது, கிரீனை நோக்கி அடிக்கும் அடுத்த அடி. அங்கே கேள்வி எவ்வளவு தூரம் என்பதல்ல, எங்கே விழுகிறது என்பது.

நான் தொழில்முறை ஆட்டக்காரருக்கு எழுதவில்லை. பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். தூரம் பெரும்பாலும் உடம்போடு வரும். உயரமும் தோளும் வளர வளரக் கூடும். கையின் நிதானம் அப்படித் தானாக வராது. தாதியாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோல்ப் ஆடுபவர்களுக்கு அதிகமாக அடிபடும் இடங்களில் முதன்மையானது கீழ் முதுகு. ஒவ்வொரு முழு வீச்சும் இடுப்பை முறுக்குகிறது. வளரும் பிள்ளை உடம்பைச் சூடாக்காமல், முழுப் பலத்தோடு, குளிரில் எண்பது பந்து அடிப்பதை என்னால் ரசிக்க முடியாது. வேலையிடத்தில் எழுபது வயது தாண்டிய டேனிஷ் பெரியவர்கள் பலரைப் பார்க்கிறேன். டிரைவ் பாதியாகிவிட்டது, ஆனாலும் பேரனைத் தோற்கடித்த கதையைக் கட்டிலில் இருந்தபடியே சொல்வார்கள். எல்லாம் கிரீனுக்கு அருகில் நடந்த கதைகள்தான்.

பெற்றோருக்கு: புது டிரைவர் பொறுக்கும். ஒரு வெட்ஜும் ஒரு பட்டரும் பழையதாகவே வாங்கலாம். பல கழகங்களில் உறுப்பினர் அல்லாதவர்களும் காசு கட்டி விளையாடக்கூடிய பார்-3 மைதானம் இருக்கிறது. அம்மாவும் கூடப் போகலாம், அம்மம்மாவும் போகலாம். பிள்ளைகளுக்கு: அடுத்த முறை வாளியில் பாதிப் பந்தை மட்டும் அடியுங்கள். மிச்ச நேரத்தில் பயிற்சிக் கிரீனுக்குப் போய், ஓரத்தில் பத்துப் பந்தை வைத்து, எத்தனை பந்து குழியிலிருந்து ஒரு மீட்டருக்குள் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோப்பி நேரத்தில் அந்த எண்ணைச் சொல்லுங்கள்; நானும் கேட்கிறேன்.