வீட்டுப் பட்டறை: எண்ணெய் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவார் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். பக்ரி, பாகோ, லெங்கா, எந்தப் பக்கம் போனாலும் வீட்டு வாசலில் ஒரு பழைய சாகாவோ கஞ்சிலோ பானெட்டைத் திறந்தபடி நிற்கும். எஞ்சின் எண்ணெய் பார்ப்பார்கள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் அதையும் நிரப்பி மூடிவிடுவார்கள். சர்வீஸ் முடிந்தது!

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும்வரை. காடியில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். அதற்கு முந்திய மூன்று மாதங்களில் இரண்டு முறை பிரேக் எண்ணெய் ஊற்றியிருந்தேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. தாப்பா பக்கம் இறங்கும்போது, ஒரு வளைவில் மிதித்த பெடல் பஞ்சுபோல் அமுங்கி அடிவரை போய்விட்டது.

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலையோரப் புல்லில் ஒருவழியாக நிறுத்தினேன். இழுவை வண்டி வரும்வரை மாமியார் 'முருகா'வை விடவில்லை. பட்டறையில் பின்சக்கர டிரம்மைக் கழற்றினால், உள்ளே இருந்த சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, எண்ணெய் கசிந்து ஊறிக் கிடந்தது. "எண்ணெய் எங்கே போனது என்று ஒரு தடவையாவது பார்த்தாயா?" என்று அந்தச் சீனப் பெரியவர் மலாயில் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

வாசகர்களே, பிரேக் எண்ணெய் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் இருந்து, நம் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. அது குறைந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால், தேய்ந்த இடத்தை ஈடுகட்ட எண்ணெய் கீழே இறங்கும். இது மெதுவாக நடக்கும். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. மூவார் சமதரை என்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. மலை இறக்கம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே புட்டியைத் திறக்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் பெடல். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு இருக்கிறது. பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும்.

அடுத்து சக்கரம். 1985இல் வந்த முதல் சாகா, 1994இல் வந்த கஞ்சில் இரண்டிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். கட்டையின் கனம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால், இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரக்கறை தெரிந்தால் காடியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக் மேலே மேலே வந்தால் உடனே கேபிளை முறுக்குவதும் எண்ணெய் ஊற்றுவது போன்ற தவறுதான். முதலில் டிரம்முக்குள் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும்.

எல்லாம் சரியென்றால் எண்ணெய் ஊற்றலாம். மூடியைச் சுற்றி அழுக்கைத் துடைத்துவிட்டு, அதில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்றிருக்கும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பாதி டின்னை அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதீர்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆவி உண்டாகிப் பெடல் அமுங்கிப்போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பட்டறையில் கொடுத்து முழுவதும் மாற்றிவிடுங்கள். குழாய், சிலிண்டர் வேலையும் பட்டறைக்கே உரியது.

மேலே சொன்ன சோதனைக்கு அரை மணி நேரம்தான் ஆகும். சில வெள்ளிகளை மிச்சம் பிடிக்க நினைத்து நான் தள்ளிப்போட்ட அரை மணி நேரம் அது. இந்த ஞாயிறு புட்டி குறைந்திருந்தால், ஊற்றுமுன் அந்தச் சீனப் பெரியவரின் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றுங்கள்.