நிலாவில் எங்கே இறங்குவது? – என் கருத்து



போன வாரம் அறிவியல் பாடவேளையில் சந்திரயான்-4 பற்றிப் பேச்சு வந்தது. நிலாவில் இறங்கி மண்ணும் கல்லும் எடுத்து வரப்போகிற திட்டம் அது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்போது என் பெஞ்சுத் தோழி, "எங்க இறங்குனா என்னங்க டீச்சர், எல்லாம் நிலாதானே? நல்லா சமமா இருக்கற எடமாப் பாத்து இறங்க வேண்டியதுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனா வீட்டுக்கு நடந்து போறப்ப எங்க தோட்டத்து போர் ஞாபகம் வந்துடுச்சு. அதுக்கு மேல சிரிப்பு வரல.

நாலு வருஷம் முன்னாடி எங்கப்பா போர் போட்டாங்க. மெஷின் வச்சு நீரோட்டம் பார்த்தவர், ஓடைக்கு மேற்கால இருக்கற மூலையைத்தான் காட்டினார். ஆனா அங்க ரிக் வண்டி போக வழியில்ல. நடுவுல பக்கத்துத் தோட்டத்து மரவள்ளி நின்னுச்சு. அதனால வண்டி சுலபமா வந்து நிக்கிற ரோட்டோரமாவே போட்டுட்டாங்க. 700 அடி. வெறும் புழுதிதான் பறந்துச்சு. அம்மாவோட தோடு அடகுக்குப் போனதுதான் மிச்சம்.

நிலாவிலும் இதே பிரச்சினைதான். வண்டி நிக்கிற இடம் ஒண்ணு, விஷயம் இருக்கிற இடம் இன்னொண்ணு.

1969-ல் அப்போலோ-11 இறங்கினது 'அமைதிக் கடல்' என்கிற சமவெளியில். பேருதான் கடல், தண்ணி கிடையாது. உறைஞ்சு போன எரிமலைக் குழம்பு. முதல் தடவை மனுஷன் இறங்குறான், பத்திரமான இடமாத்தான் பார்ப்பாங்க, அதை நான் குறை சொல்லல. அந்தச் சமவெளியிலேயே பாறைகள் கிடந்து, ஆம்ஸ்ட்ராங் தானே ஓட்டி, எரிபொருள் ஒரு நிமிஷத்துக்குக்கூட மிச்சமில்லாத நிலையில் இறக்கினார்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1971-ல் அப்போலோ-15 ஹாட்லி என்ற இடத்துக்குப் போனது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் சுமார் 300 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கு. அங்கேதான் வெள்ளையாக ஒரு கல் கிடைத்தது. அதன் வகை அனார்த்தசைட். 400 கோடி வருஷத்துக்கும் மேல் பழசு. நிலா பிறந்த புதிதில் முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது, அதில் லேசான தாதுக்கள் மேலே மிதந்து ஓடாக உறைந்தது என்கிற கருத்துக்கு அந்த மாதிரிக் கற்கள்தான் சாட்சி. பால் காய்ச்சினால் ஆடை மேலே வருமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அனார்த்தசைட் வேறெங்கே இருக்கு தெரியுமா? நம்ம நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும்! அந்தக் கல்லை அரைத்துத்தான் இஸ்ரோ நிலா மண் மாதிரி செயற்கை மண் செய்து, லேண்டரையும் ரோவரையும் ஓட்டிப் பார்த்தது. நாம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற கல்லு!

அடுத்து அப்போலோ-16. 1972-ல் டெகார்ட்டெஸ் மேட்டுநிலம். அது எரிமலைக் குழம்பால் உண்டான மேடு என்று நினைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போய்ப் பார்த்தால் எரிமலைக் கல்லே இல்லை! விண்கல் மோதி நொறுங்கி, திரும்ப ஒட்டிக்கொண்ட கற்கள்தான். அப்போ இதுவும் எங்க போர் மாதிரி வீணா என்று என் தோழி கேட்டாள். இல்லவே இல்லை. ஒரு கேள்வியோடு போனதால்தான் 'இல்லை' என்பதே பெரிய பதிலாகிவிட்டது. கேள்வியே இல்லாமல் சமதளத்தில் இறங்கியிருந்தால் அந்த 'இல்லை'கூடக் கிடைத்திருக்காது.

அப்போலோ-17-ல் போன ஹாரிசன் ஷ்மிட் ஒரு புவியியல் விஞ்ஞானி. நமக்குத் தெரியாத மறுபக்கத்தில், சியோல்கோவ்ஸ்கி பள்ளத்தில் இறங்கலாம் என்று அவர் கேட்டுப் பார்த்தார். அங்கிருந்து பூமிக்கு ரேடியோ எட்டாது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 46 வருஷம் கழித்து, 2019 ஜனவரியில்தான் சீனாவின் சாங்-4 மறுபக்கத்தில் இறங்கியது. முன்கூட்டியே ஒரு தொடர்புச் செயற்கைக்கோளை அனுப்பி வழி பண்ணிக்கொண்டது. 2024-ல் சாங்-6 அங்கிருந்து மண்ணே கொண்டுவந்து விட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாங்-5 கதை. வாசல் மண்ணில் மழை விழ ஆரம்பித்தால், எத்தனை புள்ளி விழுந்திருக்கு என்று பார்த்தே எவ்வளவு நேரமாகத் தூறுகிறது என்று சொல்லலாம் இல்லையா? நிலாவிலும் பள்ளம் அதிகம் இருந்தால் பழைய தரை, குறைச்சலாக இருந்தால் புதுத் தரை. ஆனால் ஒரு புள்ளி விழ எத்தனை வருஷம்? அதற்கு நிஜக் கல் வேண்டும். அப்போலோ கொண்டுவந்த எரிமலைக் கற்கள் எல்லாம் 300 கோடி வருஷத்துக்கு மேல். அதனால் பள்ளம் குறைவாக இருந்த ரூம்கர் மலைப் பக்கத்தைப் பார்த்து 2020-ல் சாங்-5 இறங்கியது. கிடைத்த கல்லின் வயது சுமார் 200 கோடி! எண்ணி வைத்து, அந்த இடத்துக்கே போய் எடுத்தார்கள்.

பத்திரம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. 2019-ல் விக்ரம் விழுந்தபோது எனக்கு விவரம் தெரியாது, அப்பா சொல்லித்தான் தெரியும். அதற்குக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். சந்திரயான்-3-க்கு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை, விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையில் அது ஜம்மென்று நின்றது. நிற்காத லேண்டர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

ஒரு சின்ன விஷயம். 'தென் துருவத்திலேயே இறங்கிவிட்டோம்' என்று நம் பள்ளியிலும் போஸ்டர் எழுதினோம். இறங்கியது 69 டிகிரியில். துருவத்துக்கு இன்னும் 600 கிலோமீட்டர் இருக்கு. நம்ம பெருமை அதனால் குறையாது, ஆனால் சரியாக எழுதணும்.

அதனால் என் கருத்து: சந்திரயான்-4 'துருவம்' என்ற பேருக்காகப் போகக் கூடாது, சமதளம் என்ற சௌகரியத்துக்காகவும் போகக் கூடாது. எந்தக் கல் கிடைத்தால் எந்தச் சந்தேகம் தீரும் என்று முதலில் எழுத வேண்டும். அந்தக் கல் இருக்கும் வட்டாரத்துக்குள்தான் சமதளம் தேட வேண்டும். துருவத்துப் பள்ளங்களில் சூரியன் படாத இருட்டில் பனி இருக்கிறது என்பதால் அங்கே போனால் அது வேறு, அது நல்ல கேள்வி. ஒரு தடவைக்கு ஆகிற செலவுக்கு, வண்டி நிக்கிற இடத்து மண்ணை அள்ளிட்டு வந்தா எனக்கு அழுகையே வந்துடும்.

என் தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பதிலை அடுத்த மாத இதழில் எழுதுகிறாளாம்.

எங்க வீட்டில் மறுபடியும் போர் பேச்சு நடக்குது. இந்தத் தடவை மேற்கு மூலையிலதான்னு அப்பா சொல்லிட்டாங்க. மரவள்ளி பிடுங்கினதும் ரிக் வண்டி போக வழி விடச் சொல்லி பக்கத்துத் தோட்டத்து மாமாகிட்ட ஞாயித்துக்கிழமை அம்மா கேக்கப் போறாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி